வட்டி கேட்பது பேராசை அல்ல!

மதுரையில் வசிக்கும் அந்த அம்மாவுக்கு வயது 61. கணவர் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் இறந்த மறுமாதத்திலிருந்தே வர வேண்டிய குடும்ப ஓய்வூதியம், மாதம் 15,000 ரூபாய், வரவில்லை. ஒன்றல்ல, இரண்டல்ல, பத்து மாதம் வரவில்லை.

கணவரும் அவரும் சேர்ந்துதான் வங்கிக் கணக்கு வைத்திருந்தார்கள். ஓய்வூதிய ஆணையில், அதாவது எல்லோரும் பி.பி.ஓ என்று சொல்லும் அந்தப் புத்தகத்தில், மனைவி என்று அவர் பெயரும் இருந்தது. ஆனாலும் வங்கிக் கிளையில், "புதுசா உங்க பேர்ல மட்டும் அக்கவுன்ட் தொடங்குங்கம்மா" என்றார்கள். தொடங்கினார். வாரிசுச் சான்றிதழ் கேட்டார்கள். தாலுகா அலுவலகத்துக்கு அலைந்து வாங்கிக் கொடுத்தார். அதன் பிறகு, "ஃபைலை மேல அனுப்பியிருக்கோம்" என்ற ஒரே பதில்தான்.

அந்த மாதங்களில் வீட்டு வாடகை நிற்கவில்லை. சர்க்கரை மாத்திரை நிற்கவில்லை. இரண்டு வளையல்களை அடகு வைத்து 40,000 ரூபாய் வாங்கினார். நூற்றுக்கு 2 ரூபாய் வட்டி. மாதம் 800.

ஒருவழியாக நிலுவை 1,50,000 ரூபாய் ஒரே நாளில் கணக்கில் ஏறியது. "வந்ததே பெருசு" என்றார்கள் சொந்தக்காரர்கள். அவருக்கும் அப்படித்தான் தோன்றியது. மகள் மட்டும் பாஸ்புக்கைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏம்மா, பத்து மாசம் லேட்டாக்குனதுக்கு வட்டி எங்க?"

அப்படி ஒன்று உண்டா என்பதே அதுவரை அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

உண்டு. அரசு ஓய்வூதியம் வழங்கும் வங்கிகள் அதைத் தாமதமாக வரவு வைத்தால், தாமதமான நாள்களுக்கு ஆண்டுக்கு 8 சதவிகிதம் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. 2008 அக்டோபர் 1 முதல் நிகழ்ந்த தாமதங்களுக்கு இது பொருந்தும். முக்கியமான விஷயம், இதற்கு யாரும் மனு போட வேண்டியதில்லை. நிலுவைப் பணம் ஏறும் அதே நாளில் இழப்பீட்டையும் வங்கி தானாகவே வரவு வைக்க வேண்டும்.

மகள் கணக்குப் போட்டாள். 15,000 ரூபாய்க்கு 8 சதவிகிதம் என்றால் மாதத்துக்கு 100 ரூபாய். முதல் மாதப் பணம் பத்து மாதம் தாமதம், அடுத்தது ஒன்பது, அதற்கடுத்தது எட்டு... கூட்டினால் 5,500 ரூபாய்.

அங்கேதான் சிக்கல் வந்தது. கொழுந்தனார் முகம் சுளித்தார். "அண்ணன் போன காசுல வட்டிக் கணக்கு பார்க்கணுமா அண்ணி? நாலு பேர் என்ன பேசுவாங்க?"

அந்த அம்மா இரண்டு நாள் யோசித்தார். பிறகு சொன்னார்: "மாசாமாசம் நான் 800 ரூவா வட்டி கட்டுனப்ப அந்த நாலு பேரும் ஒண்ணும் பேசலையே தம்பி!"

பல வீடுகளில் பெண்கள் தயங்கி நிற்கும் இடம் இதுதான். கணவர் இறந்து வரும் பணம் என்றாலே அதைப் பற்றிக் கேள்வி கேட்பது பாவம் போலப் பேசுகிறோம். ஆனால், ஓய்வூதியம் யாரும் போடும் தர்மம் அல்ல. கேரள அரசு ஊழியர் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1984 டிசம்பரிலேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஓய்வூதியமும் பணிக்கொடையும் ஊழியரின் உரிமை, அவரது சொத்து. அதைத் தர காரணமில்லாமல் தாமதித்தால் வட்டியோடு தர வேண்டும் என்றது நீதிமன்றம். உரிய நாளில் தராத பணம், கேட்காமலேயே அந்தக் குடும்பத்திடம் வாங்கிய கடன்தானே!

பணியில் இருக்கும்போதே ஊழியர் இறந்து, ஆணை வழங்குவதிலேயே அலுவலகம் தாமதித்தால் பாதை வேறு. மத்திய அரசு விதிகளின்படி, நிர்வாகத் தவறால்தான் தாமதம் என்று உறுதியானால், வருங்கால வைப்பு நிதிக்குத் தரும் வட்டி விகிதத்தில் துறையே வட்டி தர வேண்டும். தமிழக அரசு ஓய்வூதியம் கருவூலம் வழியாக வருவதால், அந்தக் குடும்பங்கள் கருவூல அலுவலகத்தில்தான் முறையிட வேண்டும்.

அந்த அம்மா ஒரு பக்கத்தில் கடிதம் எழுதினார். கணவர் இறந்த தேதி, இறப்புச் சான்றிதழ் கொடுத்த தேதி, பணம் ஏறிய தேதி, வர வேண்டிய இழப்பீடு, அவ்வளவுதான். நகலில் வங்கி முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டார். 30 நாள்களில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனில் புகார் செய்யலாம் என்பதையும் மகள் பார்த்து வைத்திருந்தாள். தேவைப்படவில்லை. மூன்றாவது வாரம் 5,500 ரூபாய் வந்தது. அடகு வட்டியாகப் போனதோ 8,000. கணக்கு நேராகவில்லைதான். ஆனாலும், தாமதம் தங்கள் பக்கம்தான் என்று வங்கி ஒப்புக்கொண்டதற்கு அந்த வரவு ஒரு சாட்சி.

இந்த அலைச்சலே தேவையில்லாதது என்பதுதான் பெரிய வருத்தம். மத்திய அரசு ஓய்வூதியர் மனைவியோடு கூட்டுக் கணக்கு வைத்திருந்து, ஆணையிலும் மனைவி பெயர் இருந்தால், புதுக் கணக்கு தொடங்கச் சொல்லி வங்கி வற்புறுத்தக் கூடாது. ஒரு கடிதம், ஆணையின் நகல், இறப்புச் சான்றிதழ், வயதுக்கான சான்று, கூடுதலாக வந்த பணத்தைத் திருப்பித் தருவதாக ஓர் உறுதிமொழி, இவை போதும்.

உங்கள் வீட்டிலும் அப்பாவோ தாத்தாவோ ஓய்வூதியம் வாங்குகிறாரா? அந்தப் புத்தகத்தை இன்றே எடுத்துப் பாருங்கள். துணைவியின் பெயர் இருக்கிறதா, எழுத்தும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடி இருக்கின்றனவா, கணக்கில் இருவர் பெயரும் இருக்கிறதா? தவறு இருந்தால், இருவரும் சேர்ந்து போய்க் கையெழுத்துப் போட்டுத் திருத்த முடிகிற காலம் இதுதான்.