பிள்ளையைத் தெரியும், பெற்றோரைத் தெரியாது



முட்டை, தலைப்பிரட்டை, தவளை என்று கரும்பலகையில் வட்டமாகப் படம் போட்டு நான் பாடம் நடத்தியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஹார்லிக்ஸ் பாட்டிலில் தலைப்பிரட்டை பிடித்து வந்தவர்களும் இருக்கிறீர்கள். அந்த வட்டத்தில் பாதி மட்டுமே தெரிந்திருந்த ஒரு தவளையைப் பற்றி இன்று எழுதுகிறேன்.

மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் ஒரு வகைத் தலைப்பிரட்டை உண்டு. வாயால் உறிஞ்சிப் பாறையைப் பற்றிக்கொள்ளும். வெள்ளம் எவ்வளவு வேகமாகப் போனாலும் பிடியை விடாது. பாசியைச் சுரண்டித் தின்னும். இதைப் பற்றி 1918-லேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். ஆனால் இது எந்தத் தவளையின் குஞ்சு என்று யாருக்கும் தெரியவில்லை. வகுப்பில் ஒரு பிள்ளை தினமும் வருகிறது, பெற்றோர் மட்டும் ஒரு நாளும் பள்ளிக்கு வரவில்லை என்பதுபோல.

காரணம், அந்தப் பெற்றோர் மண்ணுக்குள் வாழ்பவர்கள். உப்பிய ஊதா உடல், குட்டைக் கால்கள், கூரான மூக்கு. கரையான்தான் சாப்பாடு. மழை தொடங்கும் காலத்தில் முட்டையிடச் சில நாட்கள் வெளியே வந்துவிட்டு, மறுபடியும் மண்ணுக்குள் போய்விடும். 2003-ல்தான் பிஜு, பொசுய் என்ற இரு அறிஞர்கள் இதற்குப் பெயர் வைத்து உலகுக்கு அறிவித்தார்கள். அந்தத் தலைப்பிரட்டை இதன் குஞ்சுதான் என்பதும் பிறகு உறுதியானது. இதன் நெருங்கிய சொந்தங்கள் கடல் தாண்டி செஷல்ஸ் தீவுகளில் இருக்கின்றன. அந்தத் தீவுகளும் இந்தியாவும் ஒரு காலத்தில் ஒரே நிலமாக இருந்ததற்கு இதுவும் ஒரு சாட்சி.

நம் பக்கத்துச் செய்தியும் உண்டு. 2017-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் இதன் உடன்பிறப்பு போன்ற இன்னோர் இனம் அறிவிக்கப்பட்டது. கேரளத்துத் தவளை தென்மேற்குப் பருவமழைக்கு வெளியே வருகிறது. நம்முடையது வடகிழக்குப் பருவமழைக்கு வருகிறது. 2014-ல் அகத்தியமலையில் களப்பணியின்போது விபத்தில் சிக்கி இறந்த ஊர்வன ஆய்வாளர் சுப்பிரமணியம் பூபதியின் பெயரை அதற்குச் சூட்டினார்கள்.

ஆண்டில் சில நாள் மழையும், தடையில்லாமல் ஓடும் தண்ணீரும் கிடைத்தால் இதற்குப் போதும். அந்த ஓடையை மறித்துவிட்டால், பாறையைப் பற்றி வளரும் குஞ்சுக்கு வேறு வழி இல்லை. கண்ணில் படாத உயிர் என்பதால், அது அழிந்தாலும் நமக்குத் தெரியாமலே போய்விடும்.

உங்களில் பொறியாளர்கள் இருக்கிறீர்கள், ஒப்பந்தக்காரர்கள் இருக்கிறீர்கள். மலை ஓடையில் தடுப்பணை கட்டும் பேச்சு வந்தால், இந்த ஓடையில் யார் குடியிருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சுற்றுலா போகிறவர்கள் ஓடையில் சோப்பு, ஷாம்பு போட்டுக் குளிக்க வேண்டாம். மழை இரவில் மலைச்சாலையில் வண்டியை மெதுவாக ஓட்டுங்கள்.

இதை உங்கள் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளைக் கீழே எழுதுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.