மேசைப் பைலட்டுகளுக்கு ஒரு ஜெட்

1950களில் அமெரிக்க விமானப்படை அதிகாரி மாதம் நான்கு மணி நேரமாவது பறந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அந்த மாதம் பறப்புப் படி கைக்கு வராது. கொரியப் போர் முடிந்தபின் பைலட்டுகளில் ஏராளமானோர் அலுவலக நாற்காலிக்கு வந்துவிட்டார்கள். பகலெல்லாம் கோப்பு பார்க்கும் கர்னலுக்கும் மேஜருக்கும் இந்த நான்கு மணி நேரத்தைக் கழிக்க ஒரு விமானம் வேண்டும். அப்போது கையில் இருந்தவை இரண்டாம் உலகப் போர்க் காலத்து பி-25, சி-45 ரக விசிறி விமானங்கள், கொஞ்சம் டி-33 ஜெட்டுகள். போர் விமானங்கள் எல்லாம் ஜெட்டுக்கு மாறிவிட்ட நேரத்தில், பழைய விசிறி விமானத்தில் கைப்பழக்கம் காப்பாற்றுவதில் என்ன பயன்? சேபர்லைனர் என்ற ஜெட்டின் கதை இந்தச் சில்லறைக் கணக்கில்தான் தொடங்குகிறது. கோடீசுவரர்கள் பிறகுதான் வருகிறார்கள்.

*

1956-இல் விமானப்படை இரண்டு தேவைகளை அறிவித்தது. ஒன்று, இரட்டை என்ஜின் கொண்ட சிறிய ஜெட்: பயிற்சிக்கும் ஆகும், நாலைந்து பேரை ஏற்றிச் செல்லவும் ஆகும். மற்றொன்று சற்றுப் பெரியது, போக்குவரத்துக்கு. இரண்டுக்கும் பொதுவான நிபந்தனை சாமர்த்தியமானது. மாதிரி விமானத்தைக் கம்பெனிகள் சொந்தக் காசில் செய்து காட்ட வேண்டும். பிடித்திருந்தால் அரசு வாங்கும்.

இப்படிப்பட்ட பேரத்துக்குக் கம்பெனிகள் ஏன் தலையாட்டின? ராணுவம் கைவிட்டாலும் அதே விமானத்துக்கு வேறு சாயம் பூசிப் பெரிய நிறுவனங்களுக்கு விற்றுக்கொள்ளலாம் என்ற எண்ணம்தான். அந்தச் சந்தை அப்போது ஏறக்குறைய கற்பனை. விமானப்படையின் ஆர்டர் கண்ணில் தெரிந்திராவிட்டால் எந்த இயக்குநர் குழுவும் இதற்குப் பணம் ஒதுக்கியிருக்காது என்பது என் கருத்து.

*

மெக்டானல் கம்பெனியின் கதியைப் பாருங்கள். பெரிய வகைப் போட்டிக்கு அவர்கள் செய்த நான்கு என்ஜின் விமானம் 1959 பிப்ரவரியில் பறந்தது. விமானப்படை லாக்ஹீடின் ஜெட்ஸ்டாரைத் தேர்ந்தெடுத்துவிட்டது. செய்தது ஒன்றே ஒன்று; அதையும் கடைசியில் கம்பெனி அதிகாரிகளே ஏறிச் சுற்றினார்கள்.

*

ஜெட்ஸ்டார் லாக்ஹீடின் வடிவமைப்பாளர் கெல்லி ஜான்சன் கூட்டத்தின் வேலை. 241 நாளில் செய்து முடித்து 1957 செப்டம்பரில் பறக்கவிட்டார்கள். முதலில் இரண்டு பிரிட்டிஷ் ஆர்ஃபியஸ் என்ஜின்கள். அவற்றை அமெரிக்காவில் தயாரிக்க உரிமம் பேசிப் படியாததால், உற்பத்திக்கு வந்தபோது நான்கு பிராட் அண்ட் விட்னி என்ஜின்களாயின. அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் டெக்சாஸில் உள்ள தன் பண்ணைக்குப் போக இதைத்தான் பயன்படுத்தினார், பண்ணை ஓடுதளம் பெரிய போயிங் 707-ஐத் தாங்காது என்பதால். ‘ஏர் ஃபோர்ஸ் ஒன் – அரை’ என்று கேலியாகச் சொல்வாராம். எல்விஸ் பிரெஸ்லியும் ஒரு ஜெட்ஸ்டார் வைத்திருந்தார். இவ்வளவு புகழ் இருந்தும் விமானப்படை வாங்கியது மொத்தம் 16தான். சிறிய தம்பி சேபர்லைனர் பத்து மடங்கு வேலை பார்த்தது. அதற்குத் திரும்புகிறேன்.

*

சிறிய வகைப் போட்டிக்கு சேபர்லைனரைச் செய்தது நார்த் அமெரிக்கன் கம்பெனி. கொரியாவில் மிக்-15களோடு மோதிய எஃப்-86 சேபர் அவர்களுடைய விமானம். சேபர்லைனரின் பின்னோக்கிச் சாய்ந்த இறக்கையிலும் வாலிலும் அந்தச் சாயல் அப்பட்டமாகத் தெரியும். பெயரிலும் அதை மறைக்கவில்லை. இறக்கையின் முன்விளிம்பில் தனித் தகடுகள் உண்டு. அவற்றை இயக்க பைலட்டிடம் நெம்புகோல் கிடையாது. வேகமாகப் பறக்கும்போது காற்று அவற்றை இறக்கையோடு ஒட்ட அழுத்தி வைத்திருக்கும். வேகம் குறைந்து மூக்கு நிமிர்ந்ததும் தாமாகவே முன்னே நழுவி, இடையில் ஒரு சந்து விடும். அந்தச் சந்தின் வழியே பாயும் காற்று இறக்கையின் முதுகை விட்டு விலகாமல் ஓடுவதால், மெல்லப் பறந்தாலும் விமானம் தாங்கும். சண்டை விமானத்துக்குச் செய்த ஏற்பாடு, அதிகாரிகளைச் சேதமில்லாமல் தரையிறக்கவும் உதவியது.

இன்னொரு அடையாளம் ஜன்னல். ஆரம்பகால சேபர்லைனர்களில் முனை மழுங்கிய முக்கோண ஜன்னல்கள். எந்த அருங்காட்சியகத்தில் நின்றாலும் பெயர்ப்பலகை பார்க்காமலே சொல்லிவிடலாம்.

*

1958 மே மாதமே மாதிரி விமானம் தயார். ஆனால் மாட்டுவதற்கு என்ஜின் வந்து சேரவில்லை. ஜெனரல் எலெக்ட்ரிக்கின் இரண்டு ஜே85 என்ஜின்கள் கிடைத்து, கலிஃபோர்னியாவின் பாம்டேலில் அது தரையைவிட்டு எழும்பியது செப்டம்பர் 16 அன்று. அடுத்த ஜனவரியில் விமானப்படையின் முதல் ஆர்டர், ஏழே ஏழு விமானங்கள். உற்பத்திக்கு வந்தபோது பிராட் அண்ட் விட்னியின் ஜே60 என்ஜினுக்கு மாறினார்கள். டி-39ஏ என்று பெயர் சூட்டி, மொத்தம் 143 வாங்கினார்கள். தனியார் வாடிக்கையாளர்கள் வரிசையில் பின்னால் நின்றார்கள்.

ஏட்டில் பயிற்சி விமானம். நடைமுறையில் அலுவலக ஜீப். அதிகாரியை ஏற்று, அவசரத் தபாலைக் கொடு, வரும் வழியில் நாலு மணி நேரக் கணக்கையும் முடி.

*

1964 ஜனவரி 28. மேற்கு ஜெர்மனியின் வீஸ்பாடன் தளத்திலிருந்து ஒரு டி-39 மூன்று அதிகாரிகளுடன் பயிற்சிக்குக் கிளம்பியது. போகப் போகக் கிழக்கே திரும்பி கிழக்கு ஜெர்மனி எல்லையை நோக்கிச் சென்றது. அமெரிக்க ரேடார் நிலையங்கள் அதைத் திரையில் பார்த்துக்கொண்டே ரேடியோவில் கூப்பிட்டன. பதில் இல்லை. எல்லையைத் தாண்டியது. சோவியத் மிக்-19 சுட்டது. தூரிங்கியாவில் ஃபோகல்ஸ்பெர்க் என்ற கிராமத்தருகே விழுந்து மூவரும் இறந்தார்கள். எச்சரிக்கையை மதிக்காமல் வந்ததாக சோவியத் தரப்பு சொன்னது. ஆயுதமில்லாத பயிற்சி விமானம் என்று அமெரிக்கா கண்டித்தது.

ஆறே வாரத்தில், மார்ச் 10 அன்று, ஓர் அமெரிக்க ஆர்பி-66 வேவு விமானமும் அதேபோல எல்லை தாண்டிச் சுடப்பட்டது. அதில் இருந்த மூவரும் உயிர் தப்பினார்கள். சில நாட்கள் காவலில் வைத்துப் பிறகு விட்டுவிட்டார்கள். அவர்களுக்கு விமானத்திலிருந்து தூக்கி எறியும் இருக்கைகள் இருந்தன. டி-39இல் அவை கிடையாது. எதற்கு வைப்பார்கள்? நிறுவன நிர்வாகி உட்காரும் அதே அறை, கதவைத் திறந்து படியில் இறங்குவதுதான் வெளியேறும் வழி. எந்த வேலைக்கென்று ஒரு விமானத்தை வடிவமைத்தார்களோ, அந்த வேலை இல்லாத நாளில்தான் அதன் குறை தெரியவருகிறது. ஆர்பி-66 வேவு பார்க்கப் போனதா என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. டி-39ஐப் பற்றி அப்படிக் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

*

வியட்நாமில் சைகோனின் தான் சன் நூட் தளத்தில் டி-39கள் இருந்தன. ஸ்கேட்பேக் என்பது அந்தச் சேவையின் பெயர். ஜெனரல்களைச் சுமந்ததோடு, வேவு விமானங்கள் எடுத்த படச்சுருள்களையும் தளத்துக்குத் தளம் கொண்டுபோயின. தளங்களுக்கிடையே செயற்கைக்கோள் வழியாகப் படம் வராத காலம். காலையில் எடுத்த படத்தை மாலைக்குள் தாக்குதல் திட்டமிடுபவர் மேசையில் வைக்க வேண்டுமென்றால் ஒருவர் எடுத்துக்கொண்டு பறந்தாக வேண்டும். குண்டு போட்டவர்களைப் பற்றி அலமாரி நிறையப் புத்தகம் உண்டு. படச்சுருள் சுமந்தவர்களைப் பற்றி அவ்வளவாக இல்லை.

*

ரேடார் பொருத்திய சேபர்லைனர்கள் தனி வம்சம். எஃப்-105 சண்டை விமானக் குழுவினருக்குப் பயிற்சி தர விமானப்படை ஆறு டி-39பி வாங்கியது. கடற்படை 42 வாங்கியது. ஒற்றை இருக்கைச் சண்டை விமானத்தில் மாணவனுக்குப் பக்கத்தில் ஆசிரியர் உட்கார முடியாது. இதில் அறையிலேயே திரையை வைத்து, ஆசிரியரும் மாணவர்களும் ஒன்றாகப் பார்த்து, எதிரி விமானத்தை எப்படி மறிப்பது என்று பேசிப் பேசிக் கற்றுக்கொள்ளலாம். கடற்படையின் பென்சகோலா தளத்தில் இந்தப் பயிற்சி 2014 வரை சேபர்லைனரிலேயே நடந்தது.

*

பாப் ஹூவர் என்ற நார்த் அமெரிக்கன் சோதனை பைலட் விமானக் கண்காட்சிகளில் இதே விமானத்தைக் கரணம் போட வைத்தார். விற்பனைக்கு அதைவிட நல்ல விளம்பரம் கிடைத்திருக்காது.

*

1985 ஏப்ரல் 20. பென்சில்வேனியாவின் வில்க்ஸ்-பேர் விமான நிலையத்தில் தரையிறங்கிய ஒரு சிடி-39 (டி-39இன் பிற்காலப் பெயர்) நிற்காமல் ஓடுதளத்தைத் தாண்டி ஓடி நொறுங்கியது. ஐந்து பேர் இறந்தார்கள். அதில் ஜெனரல் ஜெரோம் ஓமாலியும் அவர் மனைவியும் அடக்கம். 1968 மார்ச்சில் எஸ்ஆர்-71 விமானத்தை முதன்முதலாக வட வியட்நாம் மேல் வேவுக்கு ஓட்டியவர் இந்த ஓமாலிதான். ஒலியைப்போல மூன்று மடங்கு வேகத்தில் பறந்து பத்திரமாகத் திரும்பியவர்.

*

இந்த விபத்துக்கு முந்தைய ஆண்டிலிருந்தே விமானப்படை சிடி-39களைக் கழித்து, சி-21 என்ற பெயரில் லியர்ஜெட் 35ஏ ரகத்தைக் குத்தகைக்கு எடுக்கத் தொடங்கியிருந்தது. இந்த முறை தேவை அறிவிப்பு, மாதிரி என்று காத்திருக்கவில்லை. நிறுவனங்கள் வாங்கிக்கொண்டிருந்த விமானத்தையே எடுத்துக்கொண்டார்கள். அந்த லியர்ஜெட்டும் ராணுவத்துக்கு அந்நியமல்ல. முதல் லியர்ஜெட்டின் இறக்கை பி-16 என்ற சுவிஸ் தாக்குதல் விமானத்திலிருந்து வந்தது. இரண்டு பி-16கள் கான்ஸ்டன்ஸ் ஏரியில் விழுந்தபின் 1958-இல் சுவிஸ் அரசு நூறு விமானங்களுக்கான ஆர்டரை ரத்து செய்ய, லியர்ஜெட்டை உருவாக்கிய பில் லியர் அந்த வடிவமைப்பின் மேல் கண் வைத்தார்.