பொறுமையும் பொறுப்பும்

உதைபந்தாட்டத்தில் ஆடுகளத்துள் நிற்போர் 22 பேர். அவ்வாட்டத்தைப் பற்றிப் பேசுவோருக்கோ எண்ணிக்கை இல்லை. அப்பேச்சுக்களுள் என்றும் முடிவு காணாதது ஒன்று உண்டு. தோல்விமேல் தோல்வி கண்டு தளரும் கழகமொன்றின் தலைமைப் பயிற்றுநரை இன்னும் சில காலம் பொறுத்துக்கொள்வதா, உடனே விலக்குவதா என்பதே அது. மேலோட்டமாக நோக்குவார்க்கு இது பொழுதுபோக்குச் சர்ச்சையாகவே தோன்றும். எனினும், ஒருவரிடம் ஒரு கருமத்தை ஒப்படைத்தோர் அவர் வழுவும்போது எவ்வளவு காலம் பொறுத்தல் தகும், அப்பொறுமையைக் கேட்கும் உரிமை அவருக்கு எதனால் உண்டாகின்றது என்னும் பழைய வினா இதனுள் மறைந்து கிடக்கின்றது. முள்ளிவாய்க்கால் போன்றதோர் ஊரில் இவ்வினா எழும்போது அதற்கு வேறொரு கனம் வந்து சேர்கின்றது.

ஒருபுறம் பெருங்கடலும் மறுபுறம் நந்திக்கடலும் சூழ்ந்த ஒடுங்கிய மணற்றரை முள்ளிவாய்க்கால். 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் போர் முடிவுற்ற இடம் அது என்பதை உலகு அறியும். அங்கிருந்து அகற்றப்பட்ட மக்கள் செட்டிக்குளம் மெனிக் பாம் முதலிய முகாம்களில் ஆண்டுக்கணக்கிற் கிடந்தனர். அம்முகாம் 2012 செப்தெம்பரிலேதான் மூடப்பட்டது. போரின் இறுதி நாள்களிற் கைக்குழந்தைகளாயும் சிறுவர்களாயும் இருந்தோரே இன்று அவ்வூரின் இளைஞர். மாலையில் மணலிற் பந்து உதைத்தலும் இரவிற் கைத்தொலைபேசியில் இங்கிலாந்தின் ஆட்டங்களைக் காணுதலும் அவர்தம் வழக்கம். மன்செஸ்டர் நகரை ஒருநாளும் கண்டிராத ஒருவன் மன்செஸ்டர் யுனைற்றட் கழகத்தின் தோல்வியைத் தன் வீட்டு இழப்பாகக் கருதி உண்ணாது படுப்பதை நகைத்தற்குரியதென ஒதுக்கிவிடலாகாது. தன் விருப்பப்படி ஒன்றைத் தெரிந்தெடுத்து, அதனோடு துன்புறவும் மகிழவும் ஒருவனுக்கு உள்ள சுதந்திரம் அதில் இருக்கின்றது. தெரிவு என்பதே அரிதாயிருந்த ஒரு தலைமுறைக்கு அது சிறிய பேறன்று.

2024 நவம்பரில் அக்கழகத்தின் தலைமைப் பயிற்றுநராகப் போர்த்துக்கலைச் சேர்ந்த ரூபன் அமொரிம் பொறுப்பேற்றார். அப்பருவத்தின் 38 லீக் ஆட்டங்களில் 18இல் தோற்றுக் கழகம் 15ஆம் இடத்தில் முடிந்தது. எஞ்சியிருந்த ஒரே நம்பிக்கை ஐரோப்பா லீக் கிண்ணம். அதன் இறுதியாட்டம் 2025 மே 21ஆம் நாள் இரவு ஸ்பெயினின் பில்பாவோ நகரில் நிகழ்ந்தது. இலங்கையில் அப்போது நள்ளிரவு கடந்து 12.30 மணி. அதற்கு மூன்று நாள் முன்னரே, மே 18இல், ஊரில் நினைவேந்தல் நிகழ்ந்திருந்தது. உப்பிட்டுக் காய்ச்சிய கஞ்சியை வீதியோரத்தில் வழிப்போக்கருக்கு வார்த்துக் கொடுத்த கைகளே அன்றிரவு கைத்தொலைபேசியைப் பிடித்திருந்தன. ரொட்டன்ஹாம் கழகம் 1–0 என வென்றது.

விடிந்ததும், வலையிலிருந்து மீன் கழற்றியபடியே கடற்கரையில் விவாதம் தொடங்கிற்று. விடுமுறைக்கு வந்திருந்த பல்கலைக்கழக மாணவன் ஒருவன் பயிற்றுநருக்காகப் பரிந்து பேசினான்.

“பேர்குசனுக்கும் மூண்டு நாலு வருசம் குடுத்தவங்கள்தானே அண்ணை. அண்டைக்கு விலத்தியிருந்தா அந்தக் கிண்ணமெல்லாம் எங்கயிருந்து வந்திருக்கும்?”

வலைக்குரிய இளைஞன் நிமிராமலே விடை கூறினான். “பேர்குசன் போய்ப் பன்னிரண்டு வருசம். வாற ஒவ்வொருத்தரும் பொறுங்கோ பொறுங்கோ எண்டுதான் சொல்லினம். இவர் ஆறாவது ஆள். இன்னும் எத்தினை வருசம் பொறுக்கிறது?”

இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. 2013இற்குப் பின்னர் மோயஸ், வான் ஹால், மொரீஞ்ஞோ, சொல்ஸ்கியார், ரென் ஹாக் என ஐவர் நிலையான பொறுப்பில் வந்து சென்றுவிட்டனர். ஆளை மாற்றுதலே மருந்தாயின் நோய் எப்போதோ தீர்ந்திருக்க வேண்டும் என்பது மாணவனின் வாதம். பொறுமையே மருந்தாயின், நோயாளி இத்தனை காலம் பொறுத்தும் எழாதது ஏன் என்பது மற்றவனின் வினா. அங்கு அமர்ந்திருந்த முதியவர், பல்லாண்டு உடற்கல்வி கற்பித்து ஓய்வுபெற்றவர், இடையிட்டார். “பேர்குசனுக்குப் பொறுத்தவங்கள் சரி. ஏன் பொறுத்தவங்கள் எண்டு யோசிச்சியே தம்பி?”

அவ்வினாவே விவாதத்தின் திருப்புமுனை ஆயிற்று. பொறுமைக்கு வாதாடுவோர் யாவரும் அலெக்ஸ் பேர்குசனையே சான்றாகக் காட்டுவர். 1986 நவம்பர் 6இல் அவர் பொறுப்பேற்றபோது கழகம் 22 அணிகளுள் 21ஆம் இடத்தில் இருந்தது. 1989 செப்தெம்பரில் அது அயற்கழகமான மன்செஸ்டர் சிற்றியிடம் 5–1 எனத் தோற்றது. மூன்றாண்டுகளாகச் சாட்டுகளையே கேட்டு அலுத்துவிட்டோம் என்னும் பொருள்பட இரசிகர் அரங்கிலே பதாகை உயர்த்தினர். 1990 யனவரி 7இல் நொற்றிங்ஹாம் பொறஸ்ற் அணிக்கெதிராக மார்க் றொபின்ஸ் அடித்த ஒரு கோல் அவரைக் காத்தது என்பது இரசிகர் மரபில் வழங்கும் கதை. அவ்வாண்டு மே மாதம் எஃப். ஏ. கிண்ணம் கிட்டிற்று, 1993இல், 26 ஆண்டுகளின் பின், லீக் வெற்றி கிட்டிற்று, 2013இல் அவர் ஓய்வுபெறும்போது லீக் வெற்றிகள் மட்டும் 13.

கதையின் முடிவை அறிந்தபின் அதன் தொடக்கத்தைப் படிப்போர் பொறுத்தார் வென்றார் எனச் சுருக்கிவிடுவர். அந்த மூன்றரையாண்டுகளில் வெறுமனே காலம் கழிந்துகொண்டிருக்கவில்லை என்பது ஈண்டு நோக்கற்பாலது. மதுப்பழக்கத்தால் தளர்ந்திருந்த அணியின் ஒழுங்கு திருத்தப்பட்டது. திறமுள்ள சிறுவரைத் தேடிக் கண்டறிவோரின் தொகை பெருக்கப்பட்டது. 1992இல் இளையோர் கிண்ணத்தை வென்ற கிக்ஸ், பெக்காம், கரி நெவில் முதலியோர் அக்காலத்து உழைப்பின் விளைவுகளே. அரங்கிலிருந்த இரசிகருக்குத் தோல்வியே தெரிந்தது. கழகத்தை நடத்தியோருக்கோ தோல்வியின் அடியில் எழும்பிக்கொண்டிருந்த அத்திவாரமும் தெரிந்தது. அவர்கள் பொறுத்தது கண்ணுக்குத் தெரிந்த ஒரு வேலையை நம்பியே அன்றி, ஒரு மனிதரை மட்டும் நம்பி அன்று.

பில்பாவோவில் வென்றவரின் கதை இதற்கு மறுதலையான பாடத்தைத் தருகின்றது. ரொட்டன்ஹாமின் பயிற்றுநர் அஞ்சே பொஸ்ரகொக்லூ, 2008இற்குப் பின் கிண்ணமெதனையும் காணாத கழகத்துக்குக் கிண்ணத்தை ஈட்டிக் கொடுத்தார். எனினும் லீக்கில் 22 தோல்விகளுடன் அணி 17ஆம் இடத்தில் நின்றது. யூன் 6ஆம் நாள், வெற்றிக்கு 16 நாள்களின் பின், அவர் விலக்கப்பட்டார். தோற்ற அமொரிமோ, கழகமும் இரசிகரும் தம்மை வேண்டாவெனின் இழப்பீடு கேளாமலே செல்வதாக அன்றிரவே கூறியிருந்தார். அந்த யூனில் அவர் விலக்கப்படவில்லை. வென்றவர் செல்லத் தோற்றவர் நிலைத்தமை அறமா என இளைஞர் வெகுண்டனர். ஓரிரவின் வெற்றிக்கு வைக்கும் நிறையையும் ஓராண்டுக் கணக்குக்கு வைக்கும் நிறையையும் பிரித்தறிதல் எவ்வளவு கடினம் என்பதையே இந்நிகழ்ச்சி காட்டுகின்றது. ரொட்டன்ஹாமின் முடிவு சரியா பிழையா என்பதில் இரசிகர் இன்னும் ஒன்றுபடார்.

வலைக்குரிய இளைஞன் இதனைத் தன் தொழிலின் மொழியிற் கூறினான். “மீன்பாடு இல்லையெண்டு ஆரும் சம்மாட்டியை விட்டிட்டுப் போறேல்லை, மாஸ்டர். கடல் எல்லாருக்கும் ஒண்டுதான். கணக்குக் காட்டாத சம்மாட்டியட்டத்தான் ஒருத்தரும் நிக்கமாட்டினம்.”

கரைவலை இழுப்போர் நன்கறிந்த நியாயம் இது. கடல் வஞ்சிக்கும் காலத்தை அவர்கள் பொறுப்பர்; ஏனெனில் அது யார் தவறும் அன்று. மீன்பட்ட நாளிற் பங்கு மறைக்கப்படுமாயின் அதனைப் பொறார். எனவே தோல்விக்கும் பொறுமையின் முறிவுக்கும் இடையே இன்னொன்று நிற்கின்றது. கணக்குக் காட்டுதலே அது.

ஊர்க்கழகத்தின் பயிற்றுநர் நிலையும் இங்கு எண்ணத்தக்கது. வன்னியின் சிற்றூர்க் கழகங்களிற் பயிற்றுநர் என்பார் பெரும்பாலும் ஊதியம் பெறாத ஓர் ஆசிரியர், அல்லது ஆடி ஓய்ந்த ஓர் அண்ணர். அவரை யாரும் நியமிக்கவில்லை. ஆதலின் யாரும் விலக்கவும் இயலாது. அணி தோற்றால் அடுத்த நாள் மாலை அவரே பந்தோடு மைதானத்துக்கு வருவார். வராதவன் வீட்டுக்குச் சென்று ஏன் வரவில்லையெனக் கேட்பார். காலணியில்லாதவனுக்கு எவரிடமேனும் கேட்டு வாங்கித் தருவார். அவரைப் பொறுத்துக்கொள்வதா என்னும் வினா அவ்வூரில் எழுவதில்லை. நாள்தோறும் அவர் உழைப்பு எல்லார் கண்முன்னும் நடப்பதால் அவர் பொறுமையைக் கேட்க வேண்டியதுமில்லை.

தமிழ் மொழியே இவ்வுண்மையைத் தன் சொற்களுள் வைத்திருக்கின்றது. பொறுமை, பொறை, பொறுப்பு ஆகிய மூன்றும் பொறு என்னும் ஒரே அடியிற் பிறந்தவை. சுமப்பதே அவ்வடியின் பொருள். ஒருவர் பொறுமை காப்பதும் மற்றொருவர் பொறுப்பேற்பதும் ஒரே சுமையின் இரு முனைகளைத் தாங்குதல் போன்றனவாம். ஒரு முனையை ஒருவர் கைவிட்டால் முழுச்சுமையும் மற்றவர் தோளில் விழும். வள்ளுவர் பொறையுடைமையை அறத்துப்பாலில் இல்லறவியலுள் வைத்தார். ஒருவரை ஆராய்ந்து தெளிதலையும் அவரிடம் வினையை ஒப்படைத்தலையும் பொருட்பாலில் தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என வேறு அதிகாரங்களாக வகுத்தார். தமக்குத் தீங்கிழைத்தாரைப் பொறுத்தல் தனிமனித அறம். பொதுக் கருமத்தை ஏற்றவரை நடத்தும் முறைக்கு அளவுகோல் வேறு. முன்னையதைப் பின்னையதற்குப் போர்வையாக்குதல் பொருந்தாது.

இவ்வேறுபாட்டை அவ்வூர் மக்கள் நூல்களிற் படித்து அறிய வேண்டியதில்லை. போரின் பின் அவர்களிடம் பொறுமை கேட்காதவர் யார்? 2010இல் ஓர் ஆணைக்குழு. 2013இல் காணாமற்போனோர் பற்றி மற்றோர் ஆணைக்குழு. 2016இல் ஓர் அலுவலகத்துக்கான சட்டம். ஒவ்வொன்றின் முன்னும் தாய்மார் படங்களை ஏந்திச் சென்று பெயர் சொல்லிப் பதிந்தனர். 2017ஆம் ஆண்டின் தொடக்கத்திற் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் அவர்கள் வீதியோரத்தில் அமர்ந்து தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். விடை காணாமலே அவர்களுட் பலர் இறந்துபோயினர். உதைபந்தாட்டக் கழகத்தின் தோல்வியையும் இத்துயரையும் ஒரே தராசில் இடுதல் தகாது. அதனை அவ்விளைஞரும் செய்யார். ஆயினும் ‘இன்னும் எத்தினை வருசம்’ என்னும் சொல்லை வீட்டில் நாளும் கேட்டு வளர்ந்த ஒருவன் அதனைப் பந்தாட்டத்தைப் பற்றிச் சொல்லும்போதும் அது முற்றிலும் விளையாட்டுச் சொல்லாக இருப்பதில்லை. அவன் பொறுமையற்றவன் அல்லன். எதற்காகப் பொறுக்கின்றோம் என்பதைக் காட்டாது பொறுக்கச் சொல்வாரை அவன் ஐயுறுகின்றான்.

மாணவனின் கட்சியும் தோற்றுவிடவில்லை. ஆளை அடிக்கடி மாற்றுதல் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் எளிய வழியென்பதும், நல்ல வேலை வேரூன்றக் காலம் வேண்டும் என்பதும் மெய்யே. பயிற்றுநரை விலக்குவோர் பலமுறை தம் தவறான தெரிவையே அவர் தலையிற் சுமத்தி அனுப்புகின்றனர். ஆகவே கணக்குக் கேட்கப்படவேண்டியவர் பயிற்றுநர் மட்டுமல்லர். அவரைத் தெரிந்தோரும் ஆவர். காலம் கேட்பவர் அக்காலத்தில் என்ன செய்வார் என்பதைச் சொல்லட்டும்; சொன்னதில் எவ்வளவு செய்தார் என்பதை இடையிடையே காட்டட்டும்; தவறியதை மறையாது ஒப்பட்டும். அவ்வாறு செய்பவருக்கு இரசிகரும் மக்களும் தாம் அளிக்கத் தயங்கியதிலும் மிகுந்த காலத்தை அளிப்பர். அவ்வாறு செய்யாதார்க்கு ஒரு பருவமும் மிகையே.