வழி காணாத வழிகாட்டி

உலகப் படத்தில் கிரீன்லாந்துக்கும் கனடாவின் பாஃபின் தீவுக்கும் இடையே விரிந்து கிடக்கும் கடலுக்கு டேவிஸ் நீரிணை என்று பெயர். அப்பெயருக்கு உரியவர் ஜான் டேவிஸ் என்னும் ஆங்கில மாலுமி. பனி உறையும் வடகடலில் தம் பெயரைப் பதித்த அவர், உயிர் துறந்ததோ சிங்கப்பூருக்குத் தென்கிழக்கே உள்ள பிந்தான் தீவின் அருகில். வரலாறு கற்பிக்கும் பணியில் பல்லாண்டுகளைக் கழித்த எனக்கு, டிரேக், ராலே முதலிய புகழ்பெற்ற பெயர்களைக் காட்டிலும் இப்பெயரே நெஞ்சுக்கு நெருக்கமானது. அவர் வாழ்நாளெல்லாம் தேடியது எதுவோ அதனை அவர் அடையவில்லை என்பதே அதற்குக் காரணம்.

இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில், டார்ட்மத் துறைமுகத்தை அடுத்த சாண்ட்ரிட்ஜில், 1550-ஆம் ஆண்டையொட்டிப் பிறந்தவர் டேவிஸ். ஆசியாவுக்குச் செல்லும் தென்கடல் வழிகளில் போர்த்துகீசியரும் ஸ்பானியரும் ஆதிக்கம் செலுத்திய காலம் அது. வட அமெரிக்காவின் மேற்புறமாகச் சுற்றிச் சீனத்தையும் நறுமணத் தீவுகளையும் அடைய ஒரு கடல்வழி இருந்தே தீரும் என்று ஆங்கிலேயர் நம்பினர். அவ்வழியைத் தேடி 1585, 1586, 1587 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் டேவிஸ் புறப்பட்டார்.

முதற்பயணத்தில் அவருக்குக் கிடைத்தவை இரண்டே கப்பல்கள். 'சன்ஷைன்' 50 டன். 'மூன்ஷைன்' 35 டன். இரண்டிலும் சேர்த்து 42 பேர். அவர்களுள் நால்வர் இசைக்கலைஞர்கள்! கிரீன்லாந்துக் கரையில் இன்யூட் மக்களைக் கண்டபோது துப்பாக்கியை நீட்டவில்லை. இசைக்கலைஞர்களை வாசிக்கச் செய்து, மாலுமிகளை ஆட விட்டார். மொழி அறியாதார்க்கு இடையே இசை தூது சென்றது. மறு ஆண்டில் அம்மக்களின் சொற்கள் ஏறத்தாழ 40-ஐக் கேட்டறிந்து பொருளோடு எழுதி வைத்தார். மொழியாசிரியன் என்ற முறையில் நான் மிகவும் மதிக்கும் செயல் இது. எனினும் அந்த நட்பு பழுதின்றி நீடிக்கவில்லை. நங்கூரமொன்று திருடுபோயிற்று, அவருடைய மென்மையே அவர்களுக்குத் துணிவு தந்தது என்று மாலுமிகள் முணுமுணுத்தனர், முடிவில் ஓர் இன்யூட் மனிதர் சிறைபிடிக்கப்பட்டுக் கப்பலில் கொண்டுசெல்லப்பட்டார். நல்லெண்ணத்தோடு சென்றவரும் தம் காலத்தின் கொடுமைக்கு விலக்காகவில்லை. இதனையும் மாணவர்க்கு மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மூன்றாம் பயணம் மிகக் கடினமானது. மூன்று கப்பல்களுள் இரண்டு, செலவை ஈடுகட்ட மீன்பிடிக்கச் சென்றுவிட்டன. நீர் கசியும் 'எலன்' என்னும் சிறு கலத்தில் டேவிஸ் வடக்கே சென்று, 72 பாகை 12 கலை அட்சரேகையை எட்டினார். அங்கே உயர்ந்து நின்ற பாறைக்குத் தம் புரவலரான வணிகர் சாண்டர்சனின் பெயரைச் சேர்த்து 'சாண்டர்சனின் நம்பிக்கை' என்று பெயரிட்டார். அதற்கு மேல் காற்றும் பனியும் விடவில்லை. திரும்பி வந்தபோது, காத்திருப்பதாக வாக்களித்த கப்பல்களும் அங்கு இல்லை. சிறு கலத்திலேயே அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து, செப்டம்பர் மாதம் டார்ட்மத் வந்து சேர்ந்தார்.

இப்பாடத்தை முடிக்கும்போது, "ஐயா, கடைசியில் அவர் வழியைக் கண்டுபிடித்தாரா?" என்று யாரேனும் ஒரு மாணவர் கேட்பதுண்டு. இல்லை என்றதும் அந்த முகத்தில் ஓர் ஏமாற்றம் படரும். தேர்ச்சி, தோல்வி என்னும் இரண்டு சொற்களால் வாழ்வை அளக்கப் பழகிவிட்ட பிள்ளைகள் அவர்கள்; அந்த அளவுகோலை அவர்கள் கையில் கொடுத்தவர்கள் பெரியவர்களாகிய நாம். அவர்களுக்கு நான் கூறும் விடை, டேவிஸின் நாட்குறிப்பே ஆகும்.

அந்தப் பயணத்தில் அவர் தேதி, சென்ற திசை, தூரம், அட்சரேகை, காற்று, கண்ட செய்தி என்று பத்தி பத்தியாகக் கோடிட்டு எழுதினார். பிற்காலக் கப்பல் குறிப்பேடுகளுக்கு அது முன்மாதிரியாயிற்று. காணாததைக் கண்டதாக அதில் அவர் எழுதவில்லை. ஓரிடத்தில் நீர் பெருஞ்சுழலாகச் சீறிப் பாய்ந்ததைக் குறித்துவிட்டு அப்பால் சென்றார். அதுவே, 1610-இல் ஹென்றி ஹட்சன் புகுந்த நீரிணையின் வாய். டேவிஸ் திரும்பிய எல்லையைத் தாண்டி 1616-இல் வில்லியம் பாஃபின் சென்றார். டேவிஸ் நீரிணையில் தொடங்கும் அந்த வடமேற்கு வழியை 1906-இல்தான் அமுண்ட்சென் தம் கப்பலில் முழுமையாகக் கடந்து முடித்தார்.

அவர் விட்டுச் சென்ற இன்னொரு செல்வம் ஒரு கருவி. நண்பகலில் கதிரவனின் உயரத்தை அளந்தால் அட்சரேகையை அறியலாம். ஆனால், அதற்கு மாலுமிகள் கதிரவனை நேருக்கு நேர் நோக்க வேண்டியிருந்தது, கண் கெட்டது. டேவிஸ் அமைத்த கோலிலோ, கதிரவனுக்கு முதுகைக் காட்டி நின்று, தொடுவானத்தைப் பார்த்தவாறே, கோலில் விழும் நிழலைக் கொண்டு அளக்கலாம். 1731-இல் ஹாட்லியின் கருவி வரும்வரை, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக, அந்த முறையே மாலுமிகளின் கண்களைக் காத்தது. 'மாலுமியின் இரகசியங்கள்' என்று பெயரிட்ட நூலில், தாம் கற்ற இரகசியங்களை எல்லாரும் அறிய எழுதியும் வைத்தார்.

பிற்காலம் அவருக்கு இரக்கம் காட்டவில்லை. 1591-இல் காவெண்டிஷுடன் மகெல்லன் நீரிணைக்குச் சென்றவர், 1592-இல் பால்க்லாந்துத் தீவுகளைக் கண்டார். திரும்பும் வழியில், உலர்த்தி வைத்த பெங்குவின் இறைச்சியில் புழு வைத்தது. அவரது கப்பலில் புறப்பட்ட 76 பேரில் 20-க்கும் குறைவானவர்களே உயிரோடு கரை சேர்ந்தனர்.

வடக்கே தேடிய ஆசியாவை அவர் தெற்கு வழியாகவே அடைந்தார். 1598-இல் டச்சுக் கப்பலொன்றின் மீகாமனாக அச்சே நோக்கிப் புறப்பட்டார். 1599-இல் அங்கு நடந்த தாக்குதலில் தலைவர் கொர்னெலிஸ் டி ஹௌட்மன் கொல்லப்பட்டார். டேவிஸ் உயிர் தப்பினார். தலைவரின் தம்பி பிரெடெரிக் சிறைப்பட்டு, சிறையிலேயே மலாய் கற்று, 1603-இல் மலாய்ச் சொல்நூல் ஒன்றை வெளியிட்டார். 1601-இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முதற்பயணத்திலும் லங்காஸ்டருக்கு வழிகாட்டி வந்தவர் டேவிஸே.

இறுதியாக, மைக்கல்போர்ன் என்பவரின் 'டைகர்' கப்பலில் வந்தார். அது வணிகத்தைவிடக் கொள்ளையையே மிகுதியாகச் செய்த பயணம். 1605 டிசம்பர் இறுதியில், பிந்தான் அருகே ஜப்பானியக் கடற்கொள்ளையர் சென்ற மரக்கலம் ஒன்றை எதிர்கொண்டனர். அவர்களின் ஆயுதங்களைப் பறித்து வைக்குமாறு டேவிஸுக்குக் கூறப்பட்டிருந்தது. அவர்களுடைய பணிவான தோற்றத்தை நம்பி அவர் அவ்வாறு செய்யவில்லை. அவர்கள் திடீரெனப் பாய்ந்தபோது வெட்டுண்டு மாண்டார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 55.

அதே வயதை ஒட்டி நிற்கும் நான், அவர் வாழ்வைத் தோல்வி என்று எழுத மனம் ஒப்பவில்லை. அவர் எழுதி வைத்த குறிப்புகளின் துணையால் மற்றவர் மேலும் சென்றனர். அவர் அமைத்த கோலால் முகம் அறியாத மாலுமிகள் கரை சேர்ந்தனர். போய்ச் சேராவிடினும், சென்ற தூரத்தை உண்மையாக எழுதி வைப்பவன் பின்வருவோர்க்கு வழி செய்கிறான். தேர்வில் தவறிய மாணவர் ஒருவர் தலைகுனிந்து நிற்கும்போது, அவருக்கு நாம் சொல்லக்கூடிய மெய்யான ஆறுதல் இதுவே என்று எண்ணுகிறேன்.