தொடாமல் சுற்றும் ரோட்டர்கள்

பழைய மினி கூப்பர் எஸ் காரின் சூப்பர்சார்ஜரைக் கழற்றி மேசைமேல் வைத்தால், பார்க்கிறவர்கள் "இவ்வளவுதானா?" என்றுதான் கேட்பார்கள். ஓர் அலுமினியப் பெட்டி, முன்னால் நீண்ட மூக்கு, மூக்கு நுனியில் ஒரு புல்லி. உள்ளே மூன்று புரிக் கயிறு போல முறுக்கிய இரண்டு ரோட்டர்கள். அவை ஒன்றின் பள்ளத்தில் மற்றொன்றின் மேடு புகுந்து புகுந்து சுற்றும். ஆனால் ஒருபோதும் தொட்டுக்கொள்ளாது. பெட்டியின் சுவரையும் தொடாது. அந்த மயிரிழை இடைவெளிதான் கருவியின் உயிர். பழைய சூப்பர்சார்ஜரை வீட்டில் புதுப்பிக்கிறோம் என்றால், அந்த இடைவெளி கெடாமல் இருக்கிறதா என்று பார்த்து, இனியும் கெடாமல் இருக்க வழிசெய்கிறோம் என்றுதான் அர்த்தம்.

யோசனை பழையது. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் கானர்ஸ்வில் என்ற ஊரைச் சேர்ந்த ரூட்ஸ் சகோதரர்கள் 1860-இல் காப்புரிமை பெற்ற ஊதுகருவிதான் இதற்கு மூதாதை. இரும்பு உருக்கும் உலைகளுக்குக் காற்று ஊதியது அது. 2002 முதல் 2006 வரை ஆக்ஸ்ஃபர்டில் தயாரான ஆர்53 மாடல் கூப்பர் எஸ்ஸில் அதன் வழிவந்த ஈட்டன் எம்45 உட்கார்ந்திருக்கிறது. 45 என்பது ஒரு சுற்றுக்கு அது தள்ளும் காற்றின் கன அங்குலம். ஏறத்தாழ 737 சிசி. பெல்ட் வழியாக என்ஜினைப் போல ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் சுற்றும். ரோட்டர்கள் காற்றை உள்ளே வைத்து அழுத்துவதில்லை. அள்ளி அள்ளி அந்தப் பக்கம் தள்ளுகின்றன. 1.6 லிட்டர் என்ஜின் குடிப்பதைவிட அதிகமாகத் தள்ளுவதால் அங்கே அழுத்தம் ஏறுகிறது. இடைவெளி அகன்றால் காற்று பின்னோக்கிக் கசியும். குறுகினால் உலோகம் உரசும்.

ஆர்53-இல் இன்னொரு விசேஷம் உண்டு. சூப்பர்சார்ஜரின் பின்பக்கத்தில் ஒரு சிறிய கியர்பெட்டி இருக்கிறது. என்ஜினின் வாட்டர் பம்பைச் சுற்றுவது அதுதான். முன்பக்க கியர்களுக்கு ஒரு ஆயில் அறை, பின்பக்கத்துக்கு ஒன்று. என்ஜின் ஆயிலுக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை. இரண்டையும் சேர்த்தாலும் அரை லிட்டர்கூட வராது. தொழிற்சாலையில் நிரப்பியது ஆயுளுக்கும் போதும் என்று சொல்லி, மாற்றுவதற்கென்று கெடு எதுவும் வைக்கவில்லை. ஆனால் சீல் தேயும், ஆயில் மெல்ல ஒழுகும். பின் அறை காய்ந்தால் கியர்களின் பற்கள் தின்றுபோகும், பம்ப் நிற்கும், என்ஜின் கொதிக்கும். காற்று ஊதும் கருவியில் ஆயில் வற்றியதால் சிலிண்டர் ஹெட் வளைந்தது என்றால் கேட்பவர்கள் நம்பமாட்டார்கள். இந்தக் காரில் அது நடக்கும்.

பழைய யூனிட் ஒன்றை வாங்கும்போது நான் முதலில் புல்லியைக் கையால் சுற்றிப் பார்ப்பேன். கொஞ்சம் இறுக்கமாக, ஒரே சீராகச் சுற்ற வேண்டும். சொரசொரவென்று கைக்குத் தெரிந்தால் பேரிங் போயிருக்கிறது. முன்னும் பின்னும் திருப்பும்போது டக்கென்று ஆட்டம் தெரிந்தால் மூக்குத் தண்டையும் கியர்களையும் இணைக்கும் கப்ளர் தேய்ந்திருக்கிறது. ஐடிலில் கடகடவென்று கேட்பது இதனால்தான். இவை இரண்டும் மாற்றக்கூடியவை. பிறகு டார்ச் அடித்து வாய்வழியே ரோட்டர்களைப் பார்க்க வேண்டும். மேற்பூச்சு அங்கங்கே மங்கியிருந்தால் பரவாயில்லை. பளபளவென்று அலுமினியம் தெரியும்படி கீறியிருந்தால் ரோட்டர்கள் உரசியிருக்கின்றன. அதை விலை பேசாமல் வைத்துவிட்டு வந்துவிடுவது நல்லது.

உள்ளே ஆயில் படிந்திருப்பதைப் பார்த்து பயப்படத் தேவையில்லை. என்ஜினின் ஆவிக்குழாய் வழியாக வரும் ஆயில் மெல்லிய படலமாகப் படிவது இயல்பு. சந்தேகம் இருந்தால் முகர்ந்து பாருங்கள். சூப்பர்சார்ஜர் ஆயிலுக்கென்று ஒரு கெட்ட நாற்றம் உண்டு. ஒருமுறை பட்டால் மறக்காது. அந்த நாற்றம் அடித்தால் சீல் போய்விட்டது.

வேலையில் பாதி, காரிலிருந்து அதை வெளியே எடுப்பதுதான். முன் பம்பரைக் கழற்றி, ரேடியேட்டர் சட்டத்தை முன்னால் இழுத்து வைத்தால்தான் கை போகும். அவ்வளவு தூரம் போனபின் வாட்டர் பம்பையும் ஓ-ரிங்குகளையும் பழையதாகவே விட்டுவைப்பது சிக்கனம் ஆகாது.

புல்லியை எடுக்க அதற்கென்றே உள்ள புல்லர் வேண்டும். சாதாரண இரண்டு கால் புல்லர் விளிம்பை வளைத்துவிடும். பேரிங்குகளுக்கு ஒரே ஒரு விதி: பெட்டிக்குள் இறக்கும்போது வெளி வளையத்தில் அழுத்து, தண்டில் ஏற்றும்போது உள் வளையத்தில் அழுத்து. குண்டுகள் வழியாக விசை போனால் வளையத்தில் தழும்பு விழும். புது பேரிங்கே சில மாதத்தில் கத்த ஆரம்பிக்கும். சுத்தியலைவிடச் சூடு நல்ல உதவியாள். அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும். மூக்குப் பகுதியைச் சூடாக்கி, பேரிங்கை ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் சண்டை இல்லாமல் இறங்கும். சமையல் ஓவனை இதற்குத் தொடாதீர்கள். வீட்டில் அமைதி வேண்டுமென்றால் கராஜுக்கென்று பழைய ஓவன் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

சீலன்ட் விஷயத்தில் கை தாராளமாக இருக்கக்கூடாது. காற்றில்லாத இடத்தில் இறுகும் அனரோபிக் வகைதான் இதற்கு ஏற்றது. மெல்லிய கோடு போதும். சிலிக்கோனைத் தடிமனாகப் பூசினால் பேரிங் தட்டு அந்த அளவு தள்ளி உட்காரும். ரோட்டரின் முனைக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளி மாறிவிடும். பிதுங்கி உள்ளே போன சிலிக்கோன் பிய்ந்து ஆயிலில் கலக்கும். அதனால்தான் பழைய சீலன்ட்டை பிளாஸ்டிக் தகட்டால் பொறுமையாகச் சுரண்டி எடுக்கிறேன். அந்த வேலை சலிப்பானது. அங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்.

இரண்டு ரோட்டர்களையும் ஒன்றோடொன்று மோதாமல் ஒத்திசைவில் வைத்திருப்பவை முன்பக்க கியர்கள். தண்டில் அழுத்தி ஏற்றியிருப்பவை. அவற்றைக் கழற்றினால் ரோட்டர்களின் டைமிங் போய்விடும். அதைத் திரும்ப அமைக்கத் தகுந்த கருவிகள் வேண்டும். வீட்டு வேலைக்கு அதுதான் எல்லை. ஆயில், கப்ளர், மூக்கு பேரிங், அதன் சீல், ஓ-ரிங் வரை நாம் செய்யலாம். அதற்கப்பால் போக வேண்டியிருந்தால் விஷயம் தெரிந்த பட்டறையிடம் கொடுங்கள். கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

2006 கடைசியில் வந்த அடுத்த கூப்பர் எஸ் டர்போவுக்கு மாறிவிட்டது. ஆகவே இருக்கிற சூப்பர்சார்ஜர்களைத்தான் நாம் காப்பாற்றி ஓட்ட வேண்டும். ஆர்53 வாங்கப் போகிறவர்கள் விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: சூப்பர்சார்ஜர் ஆயில் எப்போது மாற்றினீர்கள்? "அதற்கு மாற்றவே வேண்டாமே" என்று பதில் வந்தால், புதுப்பிக்கும் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் 60,000 மைலுக்கு ஒருமுறையாவது இரண்டு அறைகளையும் திறந்து பாருங்கள்.