கோட்டுக்கு அந்தப் பக்கம்

அனகாபுத்தூரில் தெருவுக்குத் தெரு தறிச் சத்தம் கேட்ட காலத்தில், காப்பீடு என்றால் எங்களுக்கு எல்.ஐ.சி. மட்டும்தான். வீட்டுக்காரர் கண்ணை மூடினால் வீட்டுக்குப் பணம் வரும், அவ்வளவுதான் தெரியும். உயிரோடு இருக்கிறவர் உடம்புக்கு முடியாமல் படுத்தால் கழுத்துச் சங்கிலி சேட்டுக் கடைக்குப் போகும். நைஜீரியாவுக்கு மெட்ராஸ் கைக்குட்டைத் துணி நெய்து அனுப்பிய செழிப்பான நாட்களிலும் இதுதான் நிலைமை.

2005-06ல் மத்திய அரசு கைத்தறி நெசவாளர்களுக்கென்று ஒரு மருத்துவக் காப்பீடு கொண்டுவந்தது. ஐசிஐசிஐ லொம்பார்டு நடத்தியது. பிரீமியத்தில் பெரும்பங்கை அரசு கட்டும், நெசவாளர் ஒரு சிறு பங்கு கட்டவேண்டும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய் வரை செலவு கிடைக்கும். அதில் 7,500 வரை படுக்கையில் சேராமல் பார்த்துக்கொள்ளும் வைத்தியத்துக்கே கிடைக்கும். அப்போது நான் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். விண்ணப்பம் நிரப்பும் வேலை என் தலையில் விழுந்தது.

வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். "வியாதி வரலைன்னா கட்டுன காசு திரும்ப வருமா, கணக்குப்பிள்ளை?"

வராது என்றதும் முகம் சுருங்கிவிடும். அவர்கள் கேட்டது நியாயந்தான். கூலியில் பிடித்தம் போக மிஞ்சுவதில் இருந்து எடுத்துக் கட்டுகிற காசு. "சீட்டுல உங்க முறை வந்தா எடுக்கறீங்க. இதுல முறையே வரக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டுக் கட்டுங்க" என்று சொல்லிப் பார்த்தேன். சிலர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள். அந்தச் சிரிப்பில் ஒரு நம்பிக்கை இருந்தது என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

அப்புறம் 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. நல வாரிய உறுப்பினர்களுக்கும், ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பங்களுக்கும் நான்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை உயர் சிகிச்சை. முழு பிரீமியத்தையும் மாநில அரசே கட்டியது. குடும்பத்தோடு நிறுத்திப் புகைப்படம் எடுத்து விரல் ரேகை பதிந்தார்கள். எங்கள் தெருவில் இரண்டு குழித்தறி வைத்திருந்த ஒருவருக்கு ரேகையே விழவில்லை. ஆயுளெல்லாம் நூலும் நாடாவும் பிடித்த விரல், வழவழவென்று தேய்ந்துபோயிருந்தது. ஈரத்துணியால் துடைத்து, வேட்டியில் தேய்த்து, மறுபடி மறுபடி அழுத்தி ஒருவழியாகப் பதிந்தது. அட்டை வந்ததும் ரேஷன் கார்டோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

2011ல் ஆட்சி மாறியது, அந்தத் திட்டம் நின்றது. ஜெயலலிதா அரசின் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 ஜனவரி 11ந் தேதி தொடங்கியது. புதிய திட்டம் பல வகையில் மேலானது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நான்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் என்றிருந்தது ஆண்டுக்கு ஒரு லட்சம் என்றானது. ஆனால் பழையது நின்று புதியது தொடங்குவதற்கு நடுவில் சில மாதங்கள் இருந்தன அல்லவா? அந்த மாதங்களில்தான் குழித்தறிக்காரருக்கு நெஞ்சு வலி வந்தது.

உறையைப் பிரித்து அட்டையை எடுத்துக்கொண்டு ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனார்கள். "இந்தக் கார்டு இப்ப ஓடாதும்மா" என்று கவுன்டரில் சொல்லிவிட்டார்கள். அவருடைய மனைவி என் வீட்டு வாசலில் வந்து நின்று, "அண்ணே, போட்டோ எங்களுதுதானே, ரேகை அவருதுதானே, ஏன் ஓடாதுங்கறாங்க?" என்று கேட்டார். கட்சி, ஆட்சி, ஒப்பந்தம் என்று அந்தம்மாவிடம் எதைச் சொல்வது? பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். கூட்டம் இருந்தது, காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனாலும் பைசா வாங்காமல் பார்த்து உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். அந்த மருத்துவர்களை இன்றும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அதற்குள் சங்கிலி போயிருந்தது, ஒரு தறியும் போயிருந்தது. மிச்சத் தறியில் உட்கார்ந்து மிதிக்க அவருக்கு மூச்சு போதவில்லை.

அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். திட்டத்துக்கு யார் பெயரை வேண்டுமானாலும் வையுங்கள். பெயர் மாறுகிற இடைவெளியில் ஒரு நாள்கூட யாருக்கும் அட்டை செல்லாமல் போகக்கூடாது. நம் மாநிலம் கொஞ்சம் கொஞ்சமாக இதைக் கற்றுக்கொண்டது. 2018ல் எடப்பாடி பழனிசாமி அரசு மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தை முதலமைச்சர் காப்பீட்டோடு இணைத்தது, தொகை 5 லட்சமானது. 2021ல் தி.மு.க. ஆட்சிக்கு வந்தபோது, எதிர்க்கட்சி கொண்டுவந்த திட்டம் என்று நிறுத்தாமல் தொடர்ந்தது. வருமான வரம்பையும் 1,20,000 ஆக்கியது. இந்த நிதானம் எல்லா இடத்திலும் இல்லை. மேற்கு வங்கம் பிரதமரின் படம் போட்ட கடிதம் வீடுகளுக்குப் போனதைக் காரணம் காட்டி 2019 ஜனவரியில் ஆயுஷ்மான் பாரத்தில் இருந்து விலகியது. டெல்லி 2025ல் ஆட்சி மாறிய பிறகுதான் சேர்ந்தது. நடுவில் படுத்த நோயாளிகளுக்கு யார் பதில் சொல்வது?

அமெரிக்காவிலும் இதே சண்டை என்பதை என் தம்பி மகன் போனில் சொல்லித்தான் விவரமாகத் தெரிந்துகொண்டேன். அவன் அங்கே சொந்தமாகச் சிறு தொழில் செய்கிறான், கம்பெனி காப்பீடு கிடையாது. ஒபாமா 2010ல் கொண்டுவந்த சட்டத்தின்படி, அவனைப் போன்றவர்கள் அதற்கான காப்பீட்டுச் சந்தையில் பாலிசி வாங்கினால் பிரீமியத்தில் ஒரு பகுதியை அரசு ஏற்கும். கொரோனா காலத்தில், 2021ல், அந்த உதவியைக் கூட்டினார்கள். 2022ல் நீட்டித்தார்கள். 2025 டிசம்பரோடு அது முடிய இருந்தது. நீட்டிக்க வேண்டும் என்று ஜனநாயகக் கட்சியினர் பிடிவாதமாக நின்றார்கள், குடியரசுக் கட்சியினர் மறுத்தார்கள். அந்தப் பிடிவாதத்தில் அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை அமெரிக்க அரசே முடங்கியது. 43 நாள், அதுவரை அந்த நாட்டு வரலாற்றிலேயே நீண்ட முடக்கம். ஆண்டு முடிந்தபோது கூடுதல் உதவியும் முடிந்தது.

"பெரியப்பா, முன்னாடி ஒரு கோடு இருந்துச்சு. வறுமைக் கோட்டைப் போல நாலு மடங்குக்கு மேல ஒரு டாலர் கூடச் சம்பாதிச்சாலும் உதவி கிடையாது. 2021ல அந்தக் கோட்டை எடுத்துட்டு, வருமானத்துல 8.5 சதவீதத்துக்கு மேல நீ கட்ட வேண்டாம்னாங்க. இப்ப கோடு திரும்ப வந்துடுச்சு" என்றான்.

அந்தப் பேச்சுக்குப் பிறகு எங்கள் தெருவை அந்தக் கண்ணோடு பார்க்க ஆரம்பித்தேன். இங்கே கோடு 1,20,000. அதாவது குடும்பம் முழுவதும் சேர்ந்து மாதம் பத்தாயிரம். பம்மல் பக்கம் ஆட்டோ ஓட்டுகிறவர், வாசலில் இட்லிக் கடை போட்டிருக்கும் பெண், வீட்டில் தையல் மெஷின் வைத்திருப்பவர் எல்லாருமே உள்ளதைச் சொன்னால் கோட்டுக்கு அந்தப் பக்கம்தான். தாம்பரம் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் வேலை பார்க்கும் பெண்களுக்குச் சம்பளம் 21,000க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. உண்டு. சொந்தக் கையை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு அதுவும் இல்லை. அதனால் கிராம நிர்வாக அலுவலர் முன்னால் வருமானத்தைக் குறைத்துச் சொல்கிறார்கள். நேர்மையானவரைப் பொய் சொல்லவைக்கிற கோடு இது. சொல்ல மனம் வராதவர் வெளியே நிற்கிறார்.

தனியார் பாலிசி எடுக்கலாமே என்பார்கள். தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. இருந்தது. அதை எடுங்கள் என்று 2024ல் நிதியமைச்சருக்குக் கடிதம் எழுதியவர்களில் மத்திய அமைச்சர் நிதின் கட்கரியும் ஒருவர். எதிர்க்கட்சிகளும் நாடாளுமன்ற வாசலில் நின்று குரல் கொடுத்தன. 2025 செப்டம்பர் 22 முதல் அந்த வரி நீங்கியது. நல்லதுதான். ஆனால் என் வயதுக்காரருக்கு வரி போனபிறகும் பிரீமியம் மலைப்பாகத்தான் இருக்கிறது.

எனக்குத் தெரிந்த வழி எளிமையானது. 2022ல் முதலமைச்சர் காப்பீட்டைப் புதுப்பித்தபோது, ஒரு குடும்பத்துக்கு அரசு ஆண்டுக்குக் கட்டிய பிரீமியம் 849 ரூபாய். நாளைக்கு இரண்டே கால் ரூபாய்க்குச் சற்று மேல். கோட்டுக்கு மேலே இருக்கிற இட்லிக்கடைப் பெண்ணால் இதைக் கட்ட முடியாதா? முடியும். கட்டத்தான் வழி இல்லை. ராஜஸ்தானில் 2021ல் அசோக் கெலாட் அரசு சிரஞ்சீவி திட்டத்தில் இந்தக் கதவைத் திறந்தது. இலவசத்துக்குத் தகுதி இல்லாத குடும்பங்கள் ஆண்டுக்கு 850 ரூபாய் கட்டிச் சேரலாம் என்றது. அடுத்து வந்த பா.ஜ.க. அரசு திட்டத்தின் பெயரை மாற்றியது, ஆனால் 850 ரூபாய்க் கதவை மூடவில்லை.

நோய் வந்தவர்கள் மட்டும்தான் பணம் கட்டிச் சேருவார்கள், பிரீமியம் ஏறிவிடும் என்று ஒரு வாதம் உண்டு. உண்மையான வாதம்தான். அதற்கு விடையும் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை, குறிப்பிட்ட ஒரு மாதத்தில், குடும்ப அட்டையை வைத்து வீட்டில் எல்லாரையும் சேர்க்கவேண்டும். சங்கத்தில் நாங்கள் அப்படித்தான் தறிக்காரர்களைக் குடும்பம் குடும்பமாகச் சேர்த்தோம். திடகாத்திரமானவரும் சேர்ந்தார், இருமிக்கொண்டிருந்தவரும் சேர்ந்தார்.

கோட்டுக்குள் இருந்தும் இன்னும் அட்டை எடுக்காத வீடுகள் எங்கள் பக்கம் பல உண்டு. செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகம் வரை போகவேண்டுமே என்ற சலிப்பு. உடம்பு நன்றாக இருக்கும்போதே வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதாரோடு ஒரு நாள் போய்வந்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் 1800 425 3993க்குக் கட்டணம் இல்லாமல் பேசலாம். கோட்டுக்கு வெளியே நிற்பவர்கள், ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருகிறவர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் நிறுத்தி வைத்துக் கேளுங்கள்: "எங்களுக்கு இலவசம் வேண்டாம், பணம் கட்டுகிறோம். எங்களையும் எப்போது சேர்ப்பீர்கள்?"