பெயரும் எண்ணும்

பெயர்கள் இடுகுறி, காரணம் என இருவகைப்படும் என்பது நன்னூலார் கொள்கை. லினக்ஸ் இயங்குதளத் தொகுப்புகளின் பெயர்களை நோக்குங்கால் அப்பாகுபாடு நம் நினைவிற்கு வருகின்றது.

'டெபியன்' காரணப்பெயர். 1993ஆம் ஆண்டு அதனைத் தொடங்கிய இயன் மர்டாக், பின்னர்த் தம் துணைவியாரான டெப்ராவின் பெயரோடு தம் பெயரை இணைத்து அதனை அமைத்தார். 'உபுண்டு' என்பதோ தென்னாப்பிரிக்க மொழிகளில் மனிதநேயத்தைச் சுட்டும் சொல்.

பெயர் விளங்கினும் எண் நம்மை மயக்கும். எண் பெரிதாயின் வளர்ச்சியும் பெரிதென எண்ணுகின்றோம். 1999இல் ஸ்லாக்வேர் 4இலிருந்து 7க்குத் தாவியது. பிற தொகுப்புகளின் எண்கள் உயர்ந்திருக்கத் தான் பின்தங்கியதாகத் தோன்றலாகாது என்பதே அதற்குக் காரணம்.

உபுண்டுவின் எண்ணோ காலத்தைச் சொல்வது. 4.10 என்றால் 2004ஆம் ஆண்டு பத்தாம் திங்கள். 2006 ஏப்ரலில் வரவேண்டிய பதிப்பு ஜூனில் வந்தது, ஆகவே 6.06 என்றே எண் பெற்றது. தாமதத்தை எண்ணே ஒப்புக்கொண்டது!

கல்லூரி ஆய்வகத்திற்குப் பதிப்பைத் தேர்வோர் இதனை உணர்தல் வேண்டும். 2024 ஏப்ரலில் வந்த 24.04க்கு ஐந்தாண்டுப் பாதுகாப்பு உறுதியளிக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த 24.10க்கு ஒன்பது திங்களே. பெரிய எண்ணுக்கே குறுகிய ஆயுள்!

எனவே எண்ணின் உயரத்தை நோக்காது, அதனோடு தரப்பட்ட வாக்கின் காலத்தை நோக்குவோமாக. மாணவரின் உழைப்பு அவ்வாக்கை நம்பியே சேமிக்கப்படுகின்றது. அதுவும் ஓர் அமானிதமே.